தேனில் கிடைத்த ஈஸ்டும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும்

தில்லியில் வசிப்பவர்களுக்கு யமுனையின் நுரையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை ஓய்ந்து ஐப்பசி பிறந்ததும் ஓக்லா அணைக்குக் கீழே, காளிந்தி குஞ்ச் பக்கம், ஆற்றின் மேல் பஞ்சுப் பொதி அவிழ்ந்தது போல நுரை மிதக்கும். சட் பூஜைக்காக அந்த நுரைக்கு நடுவே இடுப்பளவு நீரில் நின்று அர்க்கியம் விடும் பெண்களின் படங்கள் எத்தனையோ ஆண்டுகள் பத்திரிகைகளில் வந்துவிட்டன. நுரையடக்கும் மருந்தைப் படகிலிருந்து தெளித்து அமுக்கிப் பார்க்கிறார்கள். அந்த நுரையில் நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் போன பங்கும் இருக்கிறது.

சங்கக் கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "சார், இப்போது பாத்திரம் தேய்க்கிற திரவத்தில் 'தாவரத்திலிருந்து எடுத்தது', 'நுண்ணுயிர் தயாரித்தது' என்றெல்லாம் அச்சடித்து இரட்டை விலைக்கு விற்கிறார்களே, அது நிஜந்தானா?" நான் ஈஸ்ட் வளர்க்கும் தொழிலில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் கேட்டார். நிஜமானதும் உண்டு, பாதி நிஜமும் உண்டு. அதில் 'நுண்ணுயிர் தயாரித்தது' என்ற பகுதியைத்தான் இங்கே விளக்கலாம் என்று நினைக்கிறேன். அது உண்மையிலேயே சுவையான விஷயம்.

முதலில் சோப்பு என்றால் என்ன? எந்த அழுக்கு நீக்கியை எடுத்துக்கொண்டாலும் அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் எண்ணெய்ப் பிசுக்கில் குத்திக்கொள்ள, தலை தண்ணீரோடு ஒட்டிக்கொள்ள, பிசுக்கு தட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. இவை தண்ணீரின் மேற்பரப்பில் வரிசையாக நிற்கும்போது அந்தப் பரப்பின் இழுவிசை குறைகிறது. சுத்தமான தண்ணீருக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் என்றால், நல்ல அழுக்கு நீக்கி அதை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். நுரை வருவதும் இதனால்தான்.

தலையும் வாலும் உள்ள மூலக்கூறு மனிதன் கண்டுபிடித்ததல்ல. நம் பாட்டிமார் எண்ணெய்க் குளியலுக்கு அரைத்த சீயக்காயிலும் பட்டுப் புடவைக்கு ஊறவைத்த பூந்திக்கொட்டையிலும் இருப்பது இதே வேலையைச் செய்யும் சபோனின் என்ற பொருள்தான். இங்கே காரி பாவலி கடைகளில் ரீட்டா என்று கேட்டால் தருவது அந்தப் பூந்திக்கொட்டைதான். சபோனினின் தலை சர்க்கரையால் ஆனது. எண்ணெயை நாடும் பகுதி கொழுப்பு போன்றது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஈஸ்ட் செய்வதும் சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட பொருள்தான்.

நாம் கடையில் வாங்கும் சலவைத்தூளின் கதை வேறு. அது மண்ணெண்ணெயில் தொடங்குகிறது. மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த நேரான கார்பன் சங்கிலிகளை பென்சீனோடு சேர்த்தால் 'லேப்' என்று தொழிலில் சொல்லும் திரவம் கிடைக்கும். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிப்பது இதைத்தான். இதைக் கந்தக அமில வகையோடு வினைபுரியச் செய்தால் 'ஆசிட் ஸ்லர்ரி'. சின்னச் சின்ன சலவைத்தூள் பட்டறைக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப் போவது இந்த ஸ்லர்ரியைத்தான்.

ஆரம்பத்தில், 1950-களில், அந்தச் சங்கிலிகள் நேராக இல்லை. கிளை கிளையாக இருந்தன. கிளைவிட்ட வாலை ஆற்றிலுள்ள பாக்டீரியாக்களால் கடித்துத் தின்ன முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965-க்குள் நேர்ச்சங்கிலிக்கு மாறின. அதன்பின் அங்கே நுரை அடங்கியது. அப்படியானால் நேர்ச்சங்கிலி பயன்படுத்தும் காலத்திலும் யமுனை ஏன் நுரைக்கிறது? நேர்ச்சங்கிலியைப் பாக்டீரியா தின்ன ஆக்சிஜன் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை கலந்து தில்லிப் பகுதி யமுனை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பெரும்பாலான மாதங்களில் இல்லை என்றே சொல்லலாம். தின்னப்படாத சோப்பு அணையிலிருந்து குதிக்கும்போது கடையப்பட்டு நுரையாகிறது. ஆகவே சோப்பை மாற்றினால் மட்டும் யமுனை சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாக்கடையைச் சுத்திகரிப்பது முதல் வேலை. ஆனால் சோப்பின் மூலம் பெட்ரோலியமாகவே இருக்க வேண்டுமா, எளிதில் மட்கும் வேறு பொருள் கிடைக்காதா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அங்கேதான் ஈஸ்ட் வருகிறது.

கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த கோரின், ஸ்பென்சர், டல்லக் என்ற மூவர் 1961-ல் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். ஒருவகை ஈஸ்டை வளர்த்த குடுவையின் அடியில் கனமான எண்ணெய் போன்ற பொருள் படிந்தது. பிரித்துப் பார்த்தால் சோஃபோரோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையும் அதோடு பிணைந்த கொழுப்பு அமிலமும். ஆகவே சோஃபோரோலிப்பிட் என்று பெயர். பிறகு 1970-ல் அதே குழுவினர் பம்பிள்பீ எனும் பருத்த வண்டுத்தேனீயின் தேனில் இன்னொரு ஈஸ்டைக் கண்டார்கள். வண்டுத்தேனீயின் அறிவியல் பெயர் பாம்பஸ் என்பதால் இந்த ஈஸ்டுக்குப் பாம்பிகோலா என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதன் முழுப்பெயர் ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா. சோஃபோரோலிப்பிட் தயாரிப்பில் இன்று முதலிடம் இதற்குத்தான்.

ஈஸ்டுக்குச் சோப்பு எதற்கு என்று கேட்கலாம். அது எண்ணெயில் குளிப்பதில்லை. தேன் போன்ற சர்க்கரை நிறைந்த இடத்தில் போட்டி அதிகம். சர்க்கரையையும் கொழுப்பையும் மற்ற கிருமிகளுக்குப் பிடிக்காத பொருளாக மாற்றி வெளியே கொட்டி வைத்துவிட்டால், எதிரியும் அண்டமாட்டான், பிற்பாடு தேவைப்படும்போது தானே எடுத்துத் தின்னலாம். ஊறுகாய் போட்டு வைப்பது போல. விஞ்ஞானிகள் இப்படித்தான் கருதுகிறார்கள்.

தொழிற்சாலையில் செய்வது இதுதான். பெரிய எஃகுத் தொட்டியில் குளுக்கோஸ், கொஞ்சம் நைட்ரஜன் சத்து, காற்று. ஈஸ்ட் பெருகி நைட்ரஜன் தீர்ந்து, இனிமேல் பெருக முடியாது என்ற நிலை வந்ததும் குளுக்கோஸோடு சூரியகாந்தி அல்லது கடுகு வகை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்போதுதான் சோஃபோரோலிப்பிட் சுரக்கத் தொடங்கும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி ஊட்டிக்கொண்டே போனால் லிட்டருக்கு 200 கிராம் வரை, சில நேரம் அதற்கும் மேலே கிடைக்கும். ஜெர்மானியர்கள் 1998-ல் 422 கிராம் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீர். நாம் பன்னீர் செய்துவிட்டுச் சாக்கடையில் கொட்டுவோமே, அது போன்றது. பாம்பிகோலாவுக்குப் பால் சர்க்கரை பிடிக்காது. ஆகவே முதலில் வேறொரு ஈஸ்டை அந்த நீரில் வளர்த்து அதைக் கொழுக்கவைத்து, பிறகு அந்தக் கொழுப்பையும் கடுகு வகை எண்ணெயையும் பாம்பிகோலாவுக்குக் கொடுத்தார்கள். நுண்ணுயிர்த் தொழிலில் லிட்டருக்கு 400 கிராம் என்பது அசாதாரணமான விளைச்சல். நாங்கள் எல்லாம் 50 கிராமைத் தாண்டினாலே மேலாளரிடம் இனிப்பு கேட்டவர்கள்.

இவ்வளவு தாராளமாகத் தரும் ஈஸ்டை ஏன் மரபணுவில் கைவைத்து மாற்ற வேண்டும்? அது தருவது ஒரு பொருள் அல்ல, ஒரு கலவை. அதுதான் சிக்கல். ஒரே தொட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட சோஃபோரோலிப்பிட்கள் இருக்கும். இவற்றில் இரண்டு பெரிய குலங்கள். ஒன்றில் கொழுப்பு வால் வளைந்து வந்து சர்க்கரைத் தலையிலேயே ஒட்டி வளையமாகியிருக்கும். அது லாக்டோன் வகை. மற்றதில் வால் நீட்டிக்கொண்டு அமிலமாகவே நிற்கும். வளைய வகை தண்ணீரில் சரியாகக் கரையாது, நுரை குறைவு, ஆனால் கிருமிகளைக் கொல்வதில் கெட்டி. அமில வகை நன்றாகக் கரையும், நுரைக்கும். பாத்திரம் தேய்க்க அமில வகை வேண்டும். முகப்பரு களிம்புக்கும் உடல் நாற்றம் போக்கும் மருந்துக்கும் வளைய வகை வேண்டும். சலவைப் பொருள் கம்பெனிக்காரருக்கோ ஒவ்வொரு பீப்பாயும் சென்ற பீப்பாயைப் போலவே இருக்க வேண்டும். இன்று 60க்கு 40, நாளை 75க்கு 25 என்றால் வாங்கமாட்டார்.

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள்தான் இந்த முடிச்சை அவிழ்ப்பதில் அதிகம் உழைத்தார்கள். ஈஸ்டின் உள்ளே சோஃபோரோலிப்பிட் ஒரு வரிசைப் பட்டறை போல உருவாகிறது. முதல் ஆள், அதாவது முதல் நொதி, கொழுப்பு அமிலத்தின் நுனியில் ஒரு கொக்கி மாட்டுகிறது. இரண்டாவது அந்தக் கொக்கியில் ஒரு குளுக்கோஸைத் தொங்கவிடுகிறது. மூன்றாவது இன்னொரு குளுக்கோஸ். நான்காவது சர்க்கரையின் மேல் அசெட்டைல் என்ற சிறு தொப்பி வைக்கிறது. ஐந்தாவது, தயாரானதை உயிரணுவுக்கு வெளியே தள்ளும் பம்பு. இந்த ஐந்து வேலைக்காரர்களுக்குமான மரபணுக்கள் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தெருவில் குடியிருக்கின்றன என்று 2013-ல் அவர்கள் வெளியிட்டார்கள். ஆனால் வாலை வளைத்து வளையமாக்குபவன் அந்தத் தெருவில் இல்லை. அந்த நொதியை ஈஸ்ட் வெளியே உமிழ்கிறது. வளையம் பூட்டப்படுவது உயிரணுவுக்கு வெளியேதான். அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கச் சற்றுக் கூடுதல் காலம் ஆயிற்று.

இது தெரிந்தபின் வேலை சுலபமாகப் புரியும். வளையம் பூட்டும் நொதியின் மரபணுவை நீக்கினால் அமில வகை மட்டும். அதே மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தால் ஏறத்தாழ எல்லாமே வளைய வகை. தொப்பி வைப்பவரை நீக்கினால் தொப்பியில்லாதது. மூன்றாவது ஆளை நீக்கினால் ஒரே ஒரு குளுக்கோஸ் தொங்கும் பொருள். ஒரே ஈஸ்டிலிருந்து நாலைந்து சரக்கு.

மரபணுவை நீக்குவது எப்படி என்று சிலர் கேட்பார்கள். யூரா-3 என்று ஒரு மரபணு உண்டு. அது இல்லாத ஈஸ்டுக்கு யுராசில் என்ற சத்தை நாம் வெளியிலிருந்து கொடுத்தால்தான் பிழைக்கும். முதலில் யூரா-3 பழுதான ஈஸ்டை உண்டாக்குகிறார்கள். பிறகு, நீக்க வேண்டிய மரபணுவின் இரு ஓரங்களைப் போன்ற துண்டுகளுக்கு நடுவே நல்ல யூரா-3 ஒன்றை வைத்து உள்ளே அனுப்புகிறார்கள். ஓரங்கள் பொருந்துவதால் ஈஸ்ட் தானாகவே பழையதை எடுத்துவிட்டு இதைச் செருகிக்கொள்கிறது. யுராசில் இல்லாத தட்டில் பரப்பினால் செருகிக்கொண்டவை மட்டும் வளரும். ரேஷன் கார்டு உள்ளவருக்கு மட்டும் அரிசி. இதில் வேறு உயிரின் மரபணு எதுவும் நுழைவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் சொந்தச் சரக்கையே இடம் மாற்றி வைக்கிறார்கள்.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் இந்த ஐந்து மரபணுக்களையும் புகுத்தினால் போதாதா என்று எனக்கே தோன்றியதுண்டு. போதாது என்பதே என் கணிப்பு. ரொட்டி ஈஸ்டுக்கு எண்ணெயைத் தின்று செரிக்கும் பழக்கமும் இல்லை, இவ்வளவு சரக்கை வெளியே தள்ளும் பழக்கமும் இல்லை. தேன்கூட்டில் பல்லாயிரம் ஆண்டு பயின்ற வித்தையை ஐந்து மரபணுக்களில் கட்டிக் கொடுத்துவிட முடியாது.

நமக்கு வேடிக்கையாக இருக்கக்கூடிய ஒன்று: இந்த ஈஸ்டுக்குத் தேங்காய் எண்ணெய் சரிப்படாது. அதற்கு 16 அல்லது 18 கார்பன் நீளமுள்ள கொழுப்பு வால் வேண்டும். சூரியகாந்தி எண்ணெயில் 18 கார்பன்தான் அதிகம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி 12 கார்பன். அதைக் கொடுத்தால் ஈஸ்ட் சோப்பாக்குவதில்லை. விறகாக எரித்துச் சாப்பிட்டுவிட்டு, தேவையான 18 கார்பன் வாலைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. ஆனால் கடையில் நமக்குப் பழக்கமான சோப்பு நுரைக்குக் காரணம் அந்த 12 கார்பன் வால்தான். எனவே கென்ட் ஆய்வாளர்கள் 2009-ல், கொழுப்பை எரிக்கும் அடுப்பையே அணைத்துப் பார்த்தார்கள். அதாவது அந்த வேலைக்கான ஒரு முக்கிய மரபணுவை நீக்கினார்கள். நடுத்தர நீள வால் கொண்ட சோஃபோரோலிப்பிட் முன்பைவிட அதிகமாகக் கிடைத்தது.

இதுவரை படித்தால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். தொட்டிப் பக்கம் நின்றவனுக்கு அப்படித் தோன்றாது. காட்டு ஈஸ்டின் வளைய வகைச் சோஃபோரோலிப்பிட் தண்ணீரில் கரையாமல் தேன்பாகு போலத் தானே கீழே இறங்கிவிடும். அடிக் குழாயைத் திறந்து வடித்துக்கொள்ளலாம். மாற்றிய ஈஸ்டின் அமில வகையோ அழகாகக் கரைந்து சாற்றோடு ஒன்றிவிடும். நமக்குப் பிடித்த குணமே பிரித்தெடுக்கும்போது எதிரியாகிறது. வடிகட்ட வேண்டும், நீரை ஆவியாக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் நீராவியும் மின்சாரமும் செலவாகும். நுரை வேறு. தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டே சோப்பு செய்வது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் வளர்த்தது சாதாரண ஈஸ்ட்தான். அதிலேயே ஒருநாள் இரவு நுரை பொங்கி, காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்து, மேல்மாடி நடைபாதை முழுவதும் வழிந்து, காலை ஷிஃப்ட்காரர்கள் வாளியோடு நின்றார்கள். அதிர்ஷ்டவசமாக இந்தத் தொழிலில் ஊட்டும் எண்ணெயே நுரையை ஓரளவு அமுக்கிவிடும். மேலும், மரபணு மாற்றிய பல வகைகளில் விளைச்சல் காட்டு ஈஸ்டைவிடக் குறைந்துபோனது. பட்டறையில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் மற்றவர்கள் தடுமாறுவது போலத்தான்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ஹோலிஃபெர்ம் என்ற ஆங்கிலேய நிறுவனம் மரபணுப் பக்கம் போகாமல் இந்தப் பிரித்தெடுக்கும் பக்கத்தைப் பிடித்தது. தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எடை வித்தியாசத்தால் படியும் சரக்கை வெளியே எடுத்துக்கொண்டு ஈஸ்டைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம். பழைய தொழிலாளியின் சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைதான் கடைசித் தடை. ஆசிட் ஸ்லர்ரியின் விலையோடு ஒப்பிட்டால் சோஃபோரோலிப்பிட் பல மடங்கு. செலவில் பெரும்பங்கு ஈஸ்டின் சாப்பாட்டுக்கே போகிறது: குளுக்கோஸும் சமையல் எண்ணெயும். நம் நாட்டில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ல் எட்டப்பட்டபின் அந்தப் பாகுக்குப் பெரிய வாடிக்கையாளர் வந்துவிட்டார். எண்ணெய்க்கு வேறு வழி தேடலாம். புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தினர் 2013-ல் உண்ணத் தகாத காட்டாமணக்கு எண்ணெயை இந்த ஈஸ்டுக்குக் கொடுத்து, கிடைத்த சோஃபோரோலிப்பிட்டைச் சலவைத்தூளோடு சேர்த்துக் கறை நீக்கிப் பார்த்து வெளியிட்டார்கள். புங்கை, இலுப்பை எண்ணெய்களும், பஜ்ஜி போட்டு மிஞ்சிய எண்ணெயும் இதே வகையில் பேசப்படுகின்றன. பஜ்ஜி எண்ணெய் மலிவுதான். ஆனால் கடைக்குக் கடை குணம் மாறும், முன்னே சொன்ன பீப்பாய்ப் பிரச்சினை திரும்ப வந்து நிற்கும்.

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. ஜப்பானில் சரயா நிறுவனம் 2001-லேயே சோஃபோரோலிப்பிட் சேர்த்த பாத்திரம் கழுவும் இயந்திரத் தூளை விற்கத் தொடங்கியது. அந்த இயந்திரத்தில் நுரை வந்தால் கெடுதல். ஆகவே நுரை குறைந்த காட்டு ஈஸ்டின் கலவையே அங்கே பொருந்தியது. அதாவது மரபணு மாற்றாமலே ஒரு நல்ல இடம் பிடித்துவிட்டது. ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் 2024-ல் ஸ்லோவாக்கியாவில் பெரிய ஆலை திறந்தது. அங்கே தயாராவது ரம்னோலிப்பிட் என்ற சகோதரப் பொருள், செய்வது ஈஸ்ட் அல்ல, பாக்டீரியா. யூனிலீவர் 2019-ல் சிலி நாட்டில் ரம்னோலிப்பிட் கொண்ட பாத்திரத் திரவத்தை விற்பனைக்கு விட்டது.

நம் கடைகளில் 'தாவரத்திலிருந்து' என்று வரும் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். கோகோ குளுக்கோசைடு, லாரில் குளுக்கோசைடு என்று இருந்தால், தேங்காய் அல்லது பனை எண்ணெயின் கொழுப்பையும் சர்க்கரையையும் ரசாயன ஆலையில் இணைத்தது. மட்கும் பொருள்தான், நல்லதுதான். ஆனால் நுண்ணுயிருக்கு அதில் வேலையில்லை. சோடியம் லாரெத் சல்பேட் என்று இருந்தால் வாலில் ஒரு பகுதி தாவரமாக இருக்கலாம், மீதியில் பெட்ரோலியம் உண்டு. சோஃபோரோலிப்பிட், ரம்னோலிப்பிட், அல்லது பொதுவாக கிளைக்கோலிப்பிட் என்று இருந்தால் மட்டுமே ஏதோ ஒரு நுண்ணுயிர் உட்கார்ந்து செய்த சரக்கு. அதிலும் பட்டியலில் அந்தப் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். வாசனைப் பொருளுக்குப் பின்னால், கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் இரட்டை விலை கொடுப்பது பாட்டிலின் முன்பக்கத்துக்குத்தான்.